ஏரிக்கு இறங்காத கெண்டி

அசர் தொழுகை முடிந்து மக்ரிபுக்கு முந்திய நேரம். வெளிச்சம் இருக்கும், ஆனால் எதிரே வருபவர் முகம் தெரியாது... அந்த நேரம். எரிமலை முகட்டில் ஒற்றையடிப் பாதை. காலடியில் மண் இல்லை, சாம்பல். ஒரு பக்கம் பாறை. அதன் வெடிப்புகளில் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் பூத்திருக்கும். மறுபக்கம் சரிவு. சரிவின் அடியில் ஏரி. அந்தப் பாதையில் ஒருவர் நடந்து வந்தார். இன்னொருவர் மட்டக்குதிரை முதுகில் கவிழ்ந்து கிடந்தார்...

இருங்கள். வேலு, முதலில் அந்தச் சாம்பிராணியை அணை. கொசு கடித்தால் கடிக்கட்டும்.

"சாம்பிராணிதானேண்ணே? கெடங்கு பூரா அதத்தானே அடுக்கி வச்சிருக்கு," என்றான் வேலு.

அடுக்கி வைத்திருக்கட்டும். எரியக் கூடாது. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மழை விடும்வரை தொங்கான், சரக்குப் படகு, துறைக்கு வராது, நமக்கும் வேறு வேலை இல்லை. பெஞ்சமின், கதவருகில் உட்காராதே, சாரல் அடிக்கிறது. உள்ளே வா. பயம் வந்தால் வேலுவின் கையைப் பிடித்துக்கொள். என் கையைப் பிடிக்காதே.

இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி சுலைமானின் தாய்மாமனுக்கு நடந்தது. கடைசிப் பகுதியில் மட்டும் நானும் இருந்தேன். சுலைமானின் உம்மா உயிரோடு இருந்தவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. போன ரமலானில் அவர் மவுத்தாகிவிட்டார்.

சுலைமானின் வாப்பா பெயர் முகம்மது சுல்தான். ஜெர்மன் சண்டைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாம்பிராணி வியாபாரம் செய்தார். இடது காலில் சுண்டுவிரல் இருக்காது. சரக்குப் பெட்டி விழுந்து நசுங்கிப்போனது. ஆனால் தெருவில் அவரை எல்லோரும் அறிந்தது வேறொரு காரியத்துக்காக. எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் மையத்தைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, தன் பித்தளைக் கெண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கெண்டியின் மூக்கிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுவார். சொர்ர்ர்... நிறுத்துவார். ஊற்றிய தண்ணீர் வடிந்து முடியும்வரை காத்திருப்பார். பிறகு மறுபடி... சொர்ர்ர். வெளியே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் சத்தத்தை வைத்தே "சுல்தான் வந்துட்டாரு" என்பார்கள்.

யாராவது சீக்கிரம் என்றால் அவருக்குக் கோபம் வரும். "கடைசிக் குளிப்பு. இதுல என்னா அவசரம்?" என்பார்.

அவருடைய மனைவி சலேஹா. சலேஹாவின் அண்ணன் கமாலுதீன். மச்சான்கள் இருவரும் கூட்டு வியாபாரம். கமாலுதீன் நல்ல மனிதர், கைநீட்டிக் கொடுப்பவர். ஆனால் யாராவது தன்னைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவருக்குள் எப்போதும் இருந்தது. பேயைவிட அந்தப் பயம்தான் இந்தக் கதையில் அதிக ஆட்டம் ஆடியிருக்கிறது.

அந்தக் காலத்தில் நல்ல சாம்பிராணி வேண்டுமென்றால் இங்கிருந்து கப்பல் ஏறி சுமத்ராவுக்குப் போகவேண்டும். கரையில் இறங்கி, மலைமேல் ஏறி, பத்தாக் ஆட்களிடம் துணியைக் கொடுத்துப் பிசினை வாங்கவேண்டும். இருவரும் அப்படித்தான் போனார்கள். திரும்பும்போது மழையில் வழக்கமான பாதை சரிந்துவிட்டது. சுமைக்காரன் வேறு வழி காட்டினான். அது எரிமலை வாயைச் சுற்றிப் போகும் வழி.

சுல்தானுக்கு அதற்கு முன்பே குளிர்காய்ச்சல். முகட்டுக்கு ஏறியபோது பல் அடித்துக்கொண்டது. சுமைக்காரன் சரக்கைக் கீழே குடிசையில் இறக்கிவிட்டு ஆள் கூட்டிவர ஓடினான். கமாலுதீன் மச்சானைக் குதிரையிலிருந்து இறக்கிப் பாறையடியில் படுக்கவைத்தார். சுல்தான் தண்ணீர் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மச்சான்... கெண்டி மூட்டையில இருக்கு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

வேலு, பெஞ்சமின், உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டாமல் மண்ணுக்குள் வைக்கக் கூடாது. அது இருப்பவர்களின் கடமை. தண்ணீரே கிடைக்காத இடமென்றால் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவலாம். தயம்மும் என்போம். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால்தான் அது. தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு செய்தால் செல்லாது. இதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

அங்கே தண்ணீர் இருந்தது. ஏரி முழுக்க இருந்தது.

கமாலுதீன் கெண்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். ஏரி அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை. கரையில் ஒரு புல் இல்லை. பறவை இல்லை. தண்ணீருக்கு நடுவில் குமிழி வெடிக்கும் சத்தம்... பொளக்... வெகுநேரம் ஒன்றுமில்லை... பொளக். கூமுட்டை நாற்றம். மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. காலை வைத்த இடமெல்லாம் சாம்பல் சரிந்தது.

பாதிச் சரிவில் நின்றார். கீழே பார்த்தார்.

அங்கே எதுவும் அவரை மிரட்டவில்லை. உருவம் வரவில்லை, குரல் வரவில்லை. வெறும் தண்ணீர்தான். தனியாக அதன் அருகில் போக அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். தெருவில் இறந்தவர்களையெல்லாம் அலுக்காமல் குளிப்பாட்டிய மனிதர் மேலே கிடக்கிறார். அவருக்கு ஒரு கெண்டித் தண்ணீர் எடுக்கக் கமாலுதீனின் கால் இறங்கவில்லை.

திரும்பி ஏறினார். உள்ளங்கையால் சாம்பலைத் தொட்டு மச்சானின் முகத்தில் தடவினார். கைகளில் தடவினார். விற்றது போக மிச்சமிருந்த வெள்ளைத் துணியில் சுற்றினார். வேகவேகமாக.

சுமைக்காரன் ஆள் கிடைக்காமல் திரும்பி வந்ததும் இருவரும் குழி தோண்டினார்கள். சாம்பல் மண், சீக்கிரம் தோண்டிவிடலாம். கமாலுதீன் தொழுது முடித்து, குழியில் வைப்பதற்கு முன் அந்த பத்தாக் சுமைக்காரன் மலாயில் கேட்டான்.

"சுடா மண்டி?"

குளிப்பாட்டியாயிற்றா என்று அர்த்தம். கமாலுதீன் தலையாட்டினார். அவன் கெண்டியைப் பார்த்தான். கெண்டி காய்ந்திருந்தது. மையத்தைக் குழியில் இறக்கினான். குனிந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். தன் ஊர்க்காரன் ஒருவன் அப்படிப் பார்த்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன் என்று கமாலுதீன் பின்னாளில் சொன்னார்.

மூடிவிட்டு இருவரும் நடந்தார்கள். மூட்டத்தில் ஏரி தெரியவில்லை. அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது...

சொர்ர்ர்.

நின்றது. ஏதோ வடிவதற்காகக் காத்திருந்தது.

சொர்ர்ர்.

கெண்டி கமாலுதீனின் கையில் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுமைக்காரனும் கேட்டிருக்கவேண்டும். குதிரையை இழுத்துக்கொண்டு ஓடவே தொடங்கிவிட்டான்.

"அண்ணே, அது வென்னீர் ஊத்தா இருக்கும் லா," என்றான் பெஞ்சமின்.

இருக்கலாம். நீ படித்த பிள்ளை, சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மிச்சத்தையும் கேள்.

பினாங்குக்கு வந்து சேர்ந்தார். சுலைமான் அப்போது தொட்டிலில். சலேஹா அழுது முடித்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குளிப்பாட்டினீங்களாண்ணே?"

சொல்லியிருக்கலாம். தங்கச்சி, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. அவள் கொஞ்சம் அழுதிருப்பாள். பள்ளியில் ஆலிமைக் கேட்டிருப்பார்கள். ஆள் அனுப்பியிருப்பார்கள். ஆனால் வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேரும் இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா குளிப்பாட்டினேன்மா. என் கையால."

"பச்சத் தண்ணியா? அவங்களுக்கு அது ஆகாதேண்ணே."

"இல்லம்மா. வெதுவெதுன்னு இருந்திச்சு."

சலேஹாவுக்கு அதைக் கேட்டதும் மனம் ஆறிவிட்டது. அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாம்பல் தொட்ட அதே கை. கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு. இழுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. சலேஹா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். காட்டிலும் மலையிலும் தனி ஆளாக நின்று மச்சானைக் குளிப்பாட்டி அடக்கியவர் என்று கமாலுதீனுக்குப் பெயராகிவிட்டது. அடுத்த மவுத் விழுந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "சுல்தான் எடத்துல இனிமே நீங்கதான்" என்றார்கள். என்ன சொல்லி மறுப்பது? போனார். வாழ்நாள் முழுக்கப் போனார். ஊரார் பிணத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டினார். ஊற்றிக்கொண்டே இருப்பார், தொட்டித் தண்ணீர் தீரும்வரை. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பொறுமை, என்ன பக்தி என்பார்கள். அந்தப் புகழ்ச்சி காதில் விழும்போது அவர் தலை நெஞ்சில் இடிக்கும். அடக்கம் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

சலேஹா அந்தக் கெண்டியை அடுப்படி ஆணியில் மாட்டிவைத்தாள். யாரையும் தொடவிட்டதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இராவும் புருஷன் பேரில் பாத்திஹா ஓதி, சாம்பிராணி போடுவாள். கமாலுதீன் வீட்டில் இல்லாத நாளில் வாசம் தெருமுனை வரை வரும். அவர் படியேறினால்... புகை அதே புகைதான். வாசம் மட்டும் மாறிவிடும். கூமுட்டை நாற்றம். சலேஹா சரக்கு கெட்டுப்போச்சு என்பாள், தட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள். பிறகு கமாலுதீன் அந்த நாட்களில் தங்கச்சி வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

அதோடு விடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சலேஹா அவர் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நம்ம வீட்டுக் குளிக்கிற அறையில யாரோ தண்ணி ஊத்துறாங்க. அவங்க ஊத்துற மாதிரியே ஊத்துறாங்க. விட்டு விட்டு. போய்ப் பார்த்தா தரை காஞ்சு கெடக்கு."

கமாலுதீன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே... அன்னைக்கு நீங்க குளிப்பாட்டினீங்கதானே?"

கடையில் அப்போது யாருமில்லை. அண்ணனும் தங்கச்சியும்தான். முதல் தடவை ஆட்களுக்காகப் பொய் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை?

"என்னம்மா கேள்வி இது? குளிப்பாட்டாம விடுவேனா?"

சலேஹா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்டதேயில்லை.

அவர் ஒரு தடவை திரும்பிப் போகப் பார்த்தார். இது நான் கண்ணால் கண்டது. அப்போதுதான் நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுமத்ரா கப்பல் நின்றது. கமாலுதீன் ஒரு மூட்டையோடு படிக்கட்டில் நின்றார். மூட்டையிலிருந்து கற்பூர வாசம், மையத்துக்குக் கடைசியாக ஊற்றும் தண்ணீரில் கலக்கும் கற்பூரம். கப்பல் சங்கு ஊதியது. அவர் ஏறவில்லை. போனால் எதற்குப் போகிறாய் என்று சலேஹா கேட்பாளே, அதற்கு என்ன பதில்? கப்பல் கிளம்பியதும் என்னைப் பார்த்துவிட்டார். "தெரிஞ்சவங்கள வழியனுப்ப வந்தேன், தம்பி" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொன்னார்.

வருஷங்கள் போயின. கமாலுதீன் படுக்கையில் விழுந்தார். சுலைமான்தான் பார்த்துக்கொண்டான். ஒரு மத்தியானம் அவனைக் கிட்டே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் கண்ணால் கண்டது போக, உங்களுக்குச் சொன்னதெல்லாம் அப்போது அவர் சொல்லி, சுலைமான் எனக்குச் சொன்னதுதான்.

"தண்ணி இருந்திச்சுடா. கெண்டியும் கையில இருந்திச்சு. நான்தான் எறங்கல."

"உம்மாகிட்ட சொல்லிடட்டா மாமா?"

"வேணாம். அவ மொகத்துல முழிக்க முடியாது."

சாகக் கிடப்பவர் இனி யார் முகத்தில் விழிக்கப்போகிறார்? ஆனாலும் அப்படித்தான் சொன்னார். அசருக்குள் அடங்கிவிட்டார்.

ஊருக்கெல்லாம் குளிப்பாட்டியவரைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. சுலைமானும் நானும் இறங்கினோம். சலேஹா வீட்டுப் பின்கட்டில் பலகை போட்டு, திரை கட்டினோம். தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு நான் ஊற்றினேன். அவன் தேய்த்தான்.

ஊற்றிய தண்ணீர் பலகையில் ஓடியது. உடம்பு... காய்ந்திருந்தது.

மறுபடி ஊற்றினேன். வழுக்கிக்கொண்டு கீழே போனது. ஒரு சொட்டுகூட மேலே நிற்கவில்லை. சுலைமான் துணியால் அழுத்தித் தேய்த்தான். துணி சாம்பல் நிறமாகியது. உதறிவிட்டுத் தேய்த்தான், மறுபடி சாம்பல். வாளி வாளியாக ஊற்றினோம். நாங்கள் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருந்தது. காலடியில் வடிந்துபோன தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நிறம் அரிசி கழுவிய தண்ணீர் நிறம்.

பிறகு நாற்றம் வந்தது. நான் குவளையைக் கீழே வைத்தேன். இருவரும் ஒன்றாகத் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

எதிரே சலேஹா நின்றுகொண்டிருந்தார்.

"குளிப்பாட்டிட்டீங்களாப்பா?"

சுலைமான் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். முன்கட்டில் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள்.

"நல்லா குளிப்பாட்டினோம் உம்மா," என்றான்.

"தண்ணி பச்சத் தண்ணியா?"

"இல்ல உம்மா... வெதுவெதுன்னு இருந்திச்சு."

அந்த அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில்.

"ஒன் மாமாவும் இதையேதான்டா சொன்னாங்க," என்றார்.

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுலைமானுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது. அண்ணன் வாயால் வரட்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார். அது வராமலே அண்ணன் போய்விட்டார். இப்போது பெற்ற பிள்ளையும் அதே பொய்யைச் சொல்கிறான். கூட நின்ற எனக்கும் அன்றிலிருந்து சாம்பிராணி எரிந்தால் அந்தக் கூமுட்டை நாற்றம்தான் வருகிறது, வேலு.

அப்போது திரைக்குப் பின்னால்...

சொர்ர்ர்.

நின்றது.

உள்ளே மையத்தைத் தவிர யாரும் கிடையாது. கெண்டியும் கிடையாது, தகரக் குவளைதான் இருந்தது. கெண்டி அடுப்படி ஆணியில் தொங்கியது, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

சொர்ர்ர்.

அவசரமே இல்லாத ஊற்று. சலேஹா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அது முழுவதும் முடியும்வரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் அவர்தான் திரையை விலக்கினார்.

கமாலுதீன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தில் சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. கற்பூரம் மணத்தது. நாங்கள் இன்னும் கற்பூரத்தைப் பிரிக்கவே இல்லை.

தரை முழுக்க ஈரம். பலகையின் தலைமாட்டில் மட்டும் இரண்டு காலடித் தடம். ஈரத்துக்கு நடுவே காய்ந்த தடம், சாம்பலாக. இடது தடத்தில் சுண்டுவிரல் இல்லை.

தன்னைக் குளிப்பாட்டாமல் விட்டவனை வந்து குளிப்பாட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். எனக்கு அழுகைதான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் சலேஹா. மையத்தை முன்கட்டுக்குத் தூக்கினோம். கஃபன் துணி போட்டோம், தொழுதோம், அடக்கம் செய்தோம். நாங்கள் தூக்கும்போதே அவர் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டார். ஆணியிலிருந்து கெண்டியை எடுத்து, புளி போட்டுத் துலக்கத் தொடங்கியிருந்தார்.

கபரடியிலிருந்து திரும்பி வந்தபோது பின்கட்டில் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தோம். சலேஹா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஆவி பறக்கும் தண்ணீரை அந்தக் கெண்டியால் தடத்தின் மேல் ஊற்றுகிறார். நிறுத்துகிறார். வடியக் காத்திருக்கிறார். மறுபடி ஊற்றுகிறார்.

"உம்மா, போதும் உம்மா," என்றான் சுலைமான்.

"சும்மா இருடா. கடைசிக் குளிப்பு. இதுல என்னா அவசரம்?"

நாங்கள் அருகில் போய்க் குனிந்து பார்த்தோம். அவருடைய சேலை நனைந்திருந்தது. சுவர் நனைந்திருந்தது. தண்ணீர் அந்த இரண்டு தடத்தையும் சுற்றிக்கொண்டு ஓடியது. எவ்வளவு ஊற்றியும்... அவை நனையவே இல்லை.